காலி செய்ய வேண்டியது பூச்சி, நாங்கள் அல்ல

2 ஜூலை 2006, ஞாயிறு

கையில் மறுபடியும் தடிப்பு. முழங்கைக்குக் கீழே மூன்று, நான் போடும் தையலைவிட நேராக. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதால் ஒரு வாரமாக வீட்டில் கத்தரிக்காய் கிடையாது. என் வீட்டுக்காரர் பரமசிவம் அந்தத் துக்கத்திலேயே இளைத்துவிட்டார். அரிப்பு இளைக்கவில்லை.

ஓசூருக்கு வந்த இத்தனை வருடத்தில் குளிர் கடித்திருக்கிறது, கொசு கடித்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஜோதிமணியின் வாய் கடித்திருக்கிறது. எதுவும் வரிசை பிசகாமல் கடித்ததில்லை.

5 ஜூலை, புதன்

விரிப்பில் பொட்டுப் பொட்டாய் ரத்தக்கறை. கட்டில் மூலையில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்பு. காலும் சட்டமும் சேரும் இடுக்கில் ஊசியை விட்டுக் கிளறினேன். தட்டையாய், பழுப்பாய் ஒன்று ஓடி வந்தது. பட்டன் டப்பா மூடியால் அமுக்கினேன். அழுகின கொத்தமல்லிக் கட்டின் வாடை. சந்தேகமே இல்லை – மூட்டைப்பூச்சி.

எல்லாம் அந்தக் கட்டில் செய்த வேலை. இவருக்குத் தெரிந்த பையன்கள் அறை ஒன்று. ஷிப்ட் முடிந்து ஒருவன் வந்து படுத்தால், படுத்திருந்தவன் எழுந்து ஷிப்டுக்குப் போவான். கட்டில் ஆறவே ஆறாது. பெங்களூருக்குப் போகும்போது இவர் தலையில் சும்மா கட்டிவிட்டுப் போனார்கள். “தேக்கு, லட்சுமி, தேக்கு!” என்று போன மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுவந்தார்.

“குடியிருந்தவங்களோட சேத்துக் குடுத்திருக்கானுக” என்றேன்.

நானும் யோக்கியமில்லை. சும்மா வந்த கட்டில் என்று அதற்குப் பூப்போட்ட விரிப்பு தைத்தவள் நான்தான்.

யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரே காம்பவுண்டு, ஒட்டி ஒட்டி ஆறு வீடு, மாடியில் வீட்டு ஓனர் நாராயணப்பன். விஷயம் வெளியே போனால் எவள் என்னிடம் ஜாக்கெட் துணி கொடுப்பாள்?

9 ஜூலை, ஞாயிறு

எதிர்வீட்டுச் செல்லியிடம் மட்டும் சொன்னேன். ஒருத்தியிடம் சொல்வது சொன்னதாகாது என்பது என் கொள்கை.

செல்லி ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவள். சாயங்காலமே ஒரு பாட்டிலோடு வந்தாள். “யக்கா, ரோசாச் செடியில பேன் புடிச்சா இத்ததான் அடிப்போம். ஒரு மூடி போதும், வம்சமே இருக்காது.”

ஒரு மூடி போதும் என்றால் நாலு மூடி ஊற்றுவதுதான் ஆண்பிள்ளை என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண்ணெரிச்சல், இவருக்கு வாந்தி. நாங்கள் வெளியே, பூச்சி உள்ளே.

10 ஜூலை, திங்கள்

டாக்டர் ஊசி போட்டதைவிடத் திட்டினதுதான் அதிகம். “தோட்டத்துக்கு அடிக்கிறத வீட்டுக்குள்ள அடிப்பீங்களா? மூச்சு நின்னிருக்கும்மா!” அசட்டுச் சிரிப்பு ஒன்று கைவசம் வைத்திருக்கிறேன், அதைச் சிரித்தேன். நாள் முழுக்கத் தரையையும் சுவரையும் கழுவினோம்.

14 ஜூலை, வெள்ளி

நான்கு நாளாகக் கடி இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், ஜோதிமணி வீட்டில், பட் பட்டென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் உண்டு. ஐயோ. எங்கள் வீட்டுப் பூச்சி சாகவில்லை. மருந்து வாடை பிடிக்காமல் குடி மாறியிருக்கிறது.

16 ஜூலை, ஞாயிறு

நாராயணப்பன் இறங்கி வந்தார். ஜோதிமணி போய்ச் சொல்லியிருக்கிறாள். தெலுங்கில் இரண்டு பெருமூச்சு விட்டுத் தமிழுக்கு வந்தார்.

“இது சரிப்படாதும்மா. எங்க வூட்டுக்குப் பேரு கெட்டுடும். மாசக் கடைசியில காலி பண்ணிக்கோ.”

“நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில யாராச்சும் வீடு மாறுவாங்களா?”

“அதான்… ஆனா…”

“நான் போனா மட்டும் எவன் குடி வருவான்? ஆனியில காலியான கடைசி வீடே பூட்டிக் கிடக்கு. ரெண்டு பூட்டு தொங்கணுமா?”

ஆடியை என்னைவிட அவர் அதிகம் நம்புகிறவர். “சரி. ஆவணி பொறந்ததும் ஒரு நாள் கூட இருக்கக் கூடாது” என்று ஏறிப் போய்விட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆடி மாதத்துக்கு நன்றி சொன்னேன்.

18 ஜூலை, செவ்வாய்

இரண்டு பேர் துணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். இன்னும் கத்தரியே படாத துணி. ஒருத்தி அதை வாசலிலேயே உதறினாள். என் கண் எதிரே.

உதறட்டும். நான் போகமாட்டேன். போனா என்னாகும்? சாமானுக்கு முன்னாடி பேரு போய் நிக்கும் – மூட்டைப்பூச்சிக்காரி வர்றான்னு. இந்தத் தெருவுல பாதிப் பேர் போட்டிருக்கிறது நான் தைச்ச ஜாக்கெட். ஒவ்வொருத்தியும் எவ்வளவு பெருத்தான்னு என் டேப்புக்குத் தெரியும். என்னையா வெரட்டுறது? போகணும்னா அதுக போகட்டும்!

20 ஜூலை, வியாழன்

நேற்றிலிருந்து எங்கள் வீட்டிலும் மறுபடி கடி. வந்த வழி தெரிந்தவர்களுக்குத் திரும்பவும் தெரியாதா?

வெயிலில் காயப்போடலாம் என்றால் வெயில் எங்கே? ஆடிக் காற்றும் தூறலும்தான். கட்டில் இடுக்குகளில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினேன். சட்டத்தில் கொதிநீர் ஊற்றினேன். வெளியே தெரிந்தது செத்தது. மெத்தைக்குள் இருப்பதை என்ன செய்ய?

“ரோட்டுல தூக்கிப் போட்டுரலாம் லட்சுமி.”

“போட்டா எவனாச்சும் தேக்குன்னு தூக்கிட்டுப் போவான். நீங்க போகலையா?”



22 ஜூலை, சனி

இருட்டும் நேரத்தில் ஜோதிமணி! முந்தானைக்குள் ஜாக்கெட்டை ஒளித்துக்கொண்டு. அம்மன் கோயிலுக்குப் போட்டுப் போக வேண்டுமாம், பக்கவாட்டில் பிரித்துவிட வேண்டுமாம். வேறு டெய்லரிடம் போனால் பெருத்தது ஊருக்கே தெரிந்துவிடும். அந்த விஷயத்தில் மட்டும் என் வாயை நம்புகிறாள்.

அளவெடுக்கத் திருப்பினால் தோள்பட்டையில் வரிசையாகத் தடிப்பு.

“கொசுங்க்கா” என்றாள்.

“ஆமா. ரேஷன் கடையில வளந்த கொசு. வரிசையில நின்னுதான் கடிக்கும்.”

முறைத்தாள். முறைத்த கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. “எங்க வீட்டுலயும் இருக்குன்னு தெரிஞ்சா எங்களையும் போகச் சொல்லிருவாருங்க்கா. அதான் முந்திட்டேன்.”

அப்படியா சங்கதி. நல்லாத் திட்டத்தான் நினைத்தேன். ஜாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

23 ஜூலை, ஞாயிறு

காலையில் குழாயடி. எல்லோரும் குடத்தோடு இருந்தார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகவே சொன்னேன்.

“என் வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கு. என் கட்டில்லதான் வந்துச்சு. மருந்தடிச்சு உங்க வீட்டுக்கு அனுப்பினதும் நாங்கதான். நான் ஒருத்தி கொன்னா அது சுவரேறி உங்க வீட்டுக்கு வரும். நீங்க கொன்னா என் வீட்டுக்கு வரும். ஒரே நாள்ல எல்லாரும் கொல்லணும். இல்லாதவங்க ஸ்வெட்டரைக் கழட்டிக் கையைக் காட்டிட்டுப் போங்க.”

குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர். ஒருத்தியும் கழற்றவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

ஜோதிமணிதான் முதலில் ஸ்வெட்டரை இறக்கித் தோளைக் காட்டினாள். அப்புறம் செல்லி. “யக்கா, எனக்கு முதுவுல!”

26 ஜூலை, புதன்

இந்த மனுஷனுக்கும் மூளை உண்டு. பதிந்து வைக்கிறேன், அடிக்கடி எழுதும்படி நேராது.

இவர் வேலை சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில். இரும்புச் சாமான்மேல் பெயிண்ட் பவுடர் தூவி, அறை மாதிரி பெரிய அடுப்புக்குள் தள்ளிச் சுடுவார்கள். சனிக்கிழமை அணைத்தால் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் உள்ளே சூடு இருக்குமாம். மெத்தையை அதில் வைத்தால்?

சூப்பர்வைசர் மாதேஸ்வரன், “அண்ணே, கேட்டுக் கதவ வெச்சோம், கம்பி வெச்சோம், மெத்தைய யாரும் வெச்சதில்லண்ணே” என்று சிரித்திருக்கிறார். முதலாளியும் சிரித்துவிட்டுச் சரி என்றாராம். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், அடுப்பு கிடைத்ததே.

30 ஜூலை, ஞாயிறு

கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

குட்டியானை வண்டியில் மெத்தை, தலையணை, கழற்றிய கட்டில் எல்லாம் ஏறின. ஆளுக்கொரு பாலிதீன் மூட்டை, மேலே பெயர். யார் வீட்டு மெத்தையில் எத்தனை ஒட்டு என்பது இன்று தெருவுக்கே வெளிச்சம். என் வீட்டு மெத்தைதான் முதல் பரிசு.

மாதேஸ்வரன் கதவைத் திறந்து சூட்டைக் குறைத்து, மீட்டரை விட்டு நகரவே இல்லை. “அம்பதுக்கு மேல இருந்தா பூச்சி நிக்காதும்மா. எழுபதுக்கு மேல போனா உங்க பஞ்சு நிக்காது.” பொட்டலப் புளிச்சோறு தின்றுகொண்டே காத்திருந்தோம். அங்கே காம்பவுண்டில் ஆண்கள் விரிசலுக்கெல்லாம் கொதிநீர் விட்டு வெள்ளைச் சிமெண்ட் அப்பினார்கள்.

கடைசியில் ஸ்கூட்டர் சத்தம். நாராயணப்பன். பின் சீட்டில் சுருட்டிக் கட்டின மெத்தை.

“மேல வூட்டுல ஒண்ணும் இல்லம்மா. சும்மா… ஒரு சேஃப்டிக்கு.”

“சேஃப்டிக்குத்தானே? கடிபட்டவங்க முதல்ல. நீங்க வரிசையில நில்லுங்க.”

முதுகைக் கதவோரம் தேய்த்துக்கொண்டே நின்றார்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

விரிப்பின் மடிப்பில் ஒன்றே ஒன்று. இஸ்திரிப் பெட்டி. முடிந்தது. வீட்டுச் சுவரெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற நான்கு வீட்டுக்காரிகளும் அவரவர் வீட்டில் பார்த்தார்கள்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

ஒன்றுமில்லை. சாம்பாரில் கத்தரிக்காய் போட்டேன்.

17 ஆகஸ்ட், வியாழன்

ஆவணி ஒன்று. காலையிலிருந்து பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றைவிட ஒன்று காரம். நாராயணப்பன் இறங்கினார், குழாயைத் திருகிப் பார்த்தார், “தண்ணி நல்லா வருதாம்மா?” என்றார், ஏறிப் போனார். அத்தனை பதிலும் வீண்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

கடைசி வீட்டுக்கு ஆள் வந்தார்கள். மத்தூர் பக்கம், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஜோடி. சாமான் வண்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனவனை நாராயணப்பன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

“எறக்காதப்பா. லட்சுமியம்மா வந்து பாத்துச் சொல்லட்டும்.”

வண்டியில் ஏறி மெத்தை ஓரத்தைப் புரட்டினேன். தையலுக்குள் இரண்டு பேர் சுகமாக இருந்தார்கள். கீழே நின்ற பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. “அக்கா… போயிடச் சொல்வாங்களா?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“எங்க வீட்டுல இதைவிட ஜாஸ்தி இருந்துச்சு, கண்ணு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். “என்ன ஓனர், இவங்களையும் காலி பண்ணச் சொல்லப் போறீங்களா?”

நாராயணப்பன் சட்டைக்குள் கையை விட்டு முதுகைச் சொறியப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். “அதெல்லாம் இல்லம்மா. அடுப்புல சூடு இருக்குமா, கேளு.”

டிரைவரிடம் வண்டியைச் சிப்காட் பக்கம் திருப்பச் சொன்னேன். இவர் முன்னால் ஏறி உட்கார்ந்து வழி காட்டினார். அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து வந்து டீ கொடுத்தேன்.