பெஞ்சில் ஒரு இடம்

அன்புள்ள வள்ளி அக்கா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகப்போகிறது. நம் மட்டாஞ்சேரியிலிருந்து இப்போது ஏசி படகு ஓடுகிறது. அதில்தான் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறேன். நீ இருந்தால் ஒரு நாளாவது ஏறி, சன்னல் திறக்கவில்லை என்று சண்டை போட்டிருப்பாய்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு மந்திரித்த சரடு கட்டிவிடுவார்கள்.

கொச்சங்காடி கிடங்கில் சுக்கு பொறுக்கிவிட்டு வந்து படுத்த ஒரு நாள் நீ சொன்னாயே. "எடா, நான் திரும்பிப் படுத்தா, கொஞ்சம் கழிச்சு வயித்துக்குள்ள அதுவும் திரும்பிப் படுக்குது. ஆரோ கூடப் படுத்திருக்காங்க." பக்கத்து வீட்டுச் சேச்சி வெலவெலத்துப் போய் கறுப்புச் சரடு வாங்கி வந்தாள். நான் சிரித்தேன். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் பத்து வருடமாக நிற்கிறவனாயிற்றே! "பேயும் வேண்டாம், பிசாசும் வேண்டாம். கேமரா விட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

"வந்துட்டான்டா கேமராக்காரன்" என்றாய்.

குழாய் விடும் முன் டாக்டரிடமும் அதையே சொல்ல வாயெடுத்தாய். எனக்கு மானம் போனது. "பேசாம வாயைத் திற அக்கா" என்று அதட்டியவன் நான்தான். திரையில் உன் இரைப்பை சுத்தமாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் சுவர் லேசாக மேடிட்டிருந்தது. மண்ணீரலோ குடலோ வெளியிலிருந்து அழுத்துகிறது போலும் என்று டாக்டர் விட்டுவிட்டார். நீ சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் விட்டிருப்பாரா?

சில கட்டிகள் இரைப்பைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வளர்கின்றன, அக்கா. பலாமரத்தில் காய் தொங்குகிற மாதிரி ஒரு காம்பில் தொங்குகின்றன. மரத்துக்குள்ளே இருந்து பார்த்தால் காய் தெரியுமா? சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள குழாயை விட வேண்டும். உனக்கு அது வயிற்றுக்குள் உடைந்து ரத்தம் கொட்டிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். அதிலும் ஈரல் கட்டி என்றே நினைத்தார்கள். வயிற்றைத் திறந்த பிறகுதான் காம்பைப் பார்த்தார்கள். நீ கண் விழிக்கவில்லை.

போன மாதம் முருகேசன் என்று ஒருவர் வந்தார். தென்காசிக்காரர், தோப்பும்படி ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். கட்டிலில் படுத்ததும் என்னைப் பார்த்து, "அண்ணே, நான் புரண்டு படுத்தா, கொஞ்சம் கழிச்சு உள்ள அதுவும் புரண்டு படுக்குது" என்றார்.

குழாய் உள்ளே போனது. எல்லாம் சுத்தம். ஓரிடத்தில் அதே மேடு.

"நார்மல். அடுத்தாளை விளிக்கு" என்றார் டாக்டர்.

நான் கூப்பிடவில்லை. "சாரே, இவர் சொன்னதை ஒருதரம் கேளுங்க. என் அக்காவும் இதையேதான் சொன்னா" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. டாக்டர் திரையில் அந்த மேட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சி.டி.க்கு எழுதினார். சுவருக்கு வெளியே மாங்காய் அளவில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார்.

சொல்ல வந்தது இதுவல்ல. வார்டில் அவரைப் பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க" என்றேன்.

"நானா எங்கண்ணே சொல்லியிருப்பேன், வெக்கமா இருந்துச்சு. வெளிய பெஞ்சுல பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்க. 'வெக்கப்படாத. உள்ள ஒரு கேமராக்காரன் நிப்பான், அவன் காதுல விழற மாதிரி சொல்லு'ன்னாங்க."

காலை பத்து மணி, வார்டு முழுக்க வெயில். அந்த அக்கா எப்படி இருந்தார் என்று நான் கேட்கவில்லை. பயம்தான்.

அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். எவ்வளவு கூட்டமானாலும் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஓரத்தில் ஒரு இடத்தை விட்டுவைக்கிறார்கள். நேற்று ஒரு பெரியவரிடம் அங்கே உட்காரச் சொன்னேன். "அவிட ஆளுண்டு மோனே" என்றார். ஆள் இருக்கிறதாம்.

என்னை மன்னித்துவிட்டாயா, இல்லை காவல் இருக்கிறாயா? எதுவானாலும் கேள். இனி யார் வந்து படுத்தாலும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன். சத்தியம். நீ எழுந்து வீட்டுக்குப் போ அக்கா. ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாய்.

உன் தம்பி,
கேமராக்காரன்