பக்கத்து வீட்டுச் சாவி

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை இரவு.

பக்கத்து வீட்டு தேவராஜ் திருட்டு அலாரம் மாட்டியதிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பகல் தூக்கம் போயிற்று. இரவெல்லாம் ஏரியில் வலை போட்டுவிட்டு வந்து படுப்பார். தேவராஜ் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு வேலைக்குப் போயிருப்பான். பூனை ஒன்று உள்ளே நுழைந்தால் போதும், தெருவே அலறும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முறையிட்டோம். அலாரம் இருக்கட்டும், ஆனால் அது கத்தினால் திறந்து நிறுத்த, வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று முடிவானது.

"சாவியக் குடுத்துட்டா அப்பால அலாரம் இன்னாத்துக்கு?" என்று குதித்தான் தேவராஜ்.

"அலாரம் உனக்கு, சாவி எனக்கு. நான் தூங்கணும்பா," என்றார் இவர்.

இன்று மதியம் மறுபடி கத்தியது. நைட்டியோடு ஓடிப்போய்த் திறந்தேன். தெருவில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. நான் நிஜத் திருடியாக இருந்தால் பீரோவையே தூக்கிப் போயிருக்கலாம். கருவாட்டுப் பானைமேல் இருந்த பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் வயரையே பிடுங்கினேன்.

அதற்குள் அலாரத்தோடு மாட்டியிருந்த கேமரா என்னைப் படம் பிடித்து தேவராஜுக்கு அனுப்பிவிட்டது. அவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், படத்தோடு "திருடி பூந்துட்டா, புடிங்க!" என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

"சாரிக்கா, அழிச்சிட்டேன்," என்று பிறகு போன் செய்தான்.

"இன்னாத்த அழிச்ச? படம் தோணிரேவு ஊரு வரைக்கும் போயிடுச்சி!" என்றேன்.

மதியம் இத்தனை சத்தத்திலும் இவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. எனக்குத்தான் இப்போது தூக்கம் வரவில்லை. சற்றுமுன் ஆரம்பாக்கத்து நாத்தனார் கூப்பிட்டாள். திருடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் என் இடுப்பிலிருந்த பூனை லட்சணமாக இருக்கிறதாம், குட்டி போட்டால் ஒன்று வேண்டுமாம்.