பதில் அனுப்பப்பட்டது

மார்ச் 3, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. அலுவலகத்தில் கழித்துப் போட்ட நோட்டின் மீதிப் பக்கங்களில் என் சொந்தக் கதையை எழுதுகிறேன். பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பகல் முழுக்க ஊருக்குக் கடிதம் எழுதிய கை, வீட்டுக்கு வந்தும் அடங்க மாட்டேன் என்கிறது.

இன்று மனு நாள். அறுபத்து நான்கு பேர். டோக்கன் வாங்கிக்கொண்டு வாசல் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாங்குவது ஐயா, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர். படித்து அவருக்கு ஒரு வரியில் சுருக்கித் தருவது நான். துறைக்கு ஒரு நகல், மனுதாரருக்கு ஒரு கடிதம், பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'பதில் அனுப்பப்பட்டது' என்று ஒரு முத்திரை. அதோடு மனு முடிந்தது. மூன்று வருடத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை.

தனிச்செயலர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு, அல்லது போன வருடம் வந்த சக உதவியாளருக்கு. பதினான்காம் தேதி இருவரையும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்வாராம் ஐயா.

எங்கள் ஓட்டுநர் யாரையும் சும்மா விடமாட்டார். எனக்கு லெட்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார். சக உதவியாளருக்கு ரெட்டைப்பேனா. ஒன்று மக்கர் செய்தால் இருக்கட்டும் என்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

மார்ச் 5, புதன்

அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள்.

எங்கள் தெரு கால்வாயில் போய் முட்டி நிற்கும். அக்கரையில் அம்மா இஸ்திரி போடும் சலவைக்கூடம். நடுவில் யாரோ எப்போதோ போட்ட இரண்டு பலகைகள். சரியான பாலத்துக்குப் போக வேண்டுமென்றால் அரை மணி நேரம் சுற்ற வேண்டும்.

போன வருடம் தெருப் பெண்கள் மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது. எல்லோருக்கும் போவது போலவே போகட்டும் என்று பெற்ற தாய்க்கே தபாலில் பதில் அனுப்பினேன்: 'தங்கள் கோரிக்கை உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது.' அதை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள்.

"லெட்டர் எல்லாம் சரி. நீ அங்கதானே உக்காந்திருக்க? ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்திடுமா?"

"நம்ம வீட்டு விஷயத்த நானே தூக்கிட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? தனிச்செயலர் ஆகட்டும்மா. முதல் வேலை அதுதான்."

"நீ ஆகறதுக்குள்ள நான் மேல போயிடுவேன்."

நாலு பேர் என்பது சாக்கு. பெரிய மேசைக்கு முன்னால் எனக்குத் தொண்டை ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். கேள் என்றால்?

மார்ச் 10, திங்கள்

ரெட்டைப்பேனா பழைய பதிவேடுகளைக் கேட்டார்.

"எதுக்கு?"

"உங்க லெட்டருங்கள ஒரு தடவ படிச்சுப் பாக்கலாம்னு."

உச்சி குளிர்ந்துவிட்டது. நானே தூசி தட்டிக் கொடுத்தேன்.

"அலமாரிச் சாவியையும் சேத்துக் குடுத்துடுங்க லெட்டரம்மா" என்றார் ஓட்டுநர். எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

மார்ச் 12, புதன்

தலைவலி. பதினான்காம் தேதிக் கூட்டத்துக்கான கணக்கு முடிந்தது. மூன்று வருடம், நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு மனு, அத்தனைக்கும் பதில். அழகாக எழுதி உறை போட்டிருக்கிறேன். ரெட்டைப்பேனா மூன்று நாளாகப் பின்படிக்கட்டில் தொலைபேசியும் கையுமாக இருக்கிறார். அவர் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நான் முதலில் படித்தேன். ஐயா தலையாட்டினார். நிம்மதியாக உட்கார்ந்தேன்.

பிறகு ரெட்டைப்பேனா. "இவங்க சொன்ன கணக்கு சரிதான் சார். ஒருத்தரக்கூட விடல. அதுல நூறு பேருக்கு நான் போன் பண்ணினேன். லெட்டர் வந்துச்சான்னு கேட்டேன். வந்துச்சாம். வேலை நடந்துச்சான்னு கேட்டேன். எழுபத்து மூணு பேருக்கு நடக்கல."

அப்போதும் விடவில்லை. இப்போதே முடிக்கக்கூடிய பன்னிரண்டு வேலைகளைக் குறித்துக்கொண்டு அந்தந்தத் துறைக்கே நேரில் போயிருக்கிறார். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது, எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் விரல் நுனியில். ஒவ்வொன்றாகப் படித்தார்.

ஐயா என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. அது இருந்திருந்தால் தேவலை. "ஏம்மா, இதுல எத்தனை நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. கட்டம் போட்டதும் நான்தான்.

இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு என்றாரே, அவர் படித்தது பதினொன்றுதான் என்று மனம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

மார்ச் 15, சனி

நாற்காலி அவருக்கு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

மனு நாள் முடிந்ததும் ரெட்டைப்பேனாவைப் பின்படிக்கட்டில் பிடித்தேன். "அந்தப் பன்னிரண்டாவது என்ன?"

பதிவேட்டைத் திறந்து காட்டினார். அம்மாவின் பெயர். பக்கத்தில் என் முத்திரை.

"போன் பண்ணும்போது யார்னு தெரியாதுங்க. பேசினப்புறம்தான் உங்க அம்மான்னு தெரிஞ்சுது."

"என்ன சொன்னாங்க?"

"லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க. பாலம் வந்துச்சாம்மான்னு கேட்டேன். எம் பொண்ணு அங்கதான் இருக்கா, அவ பாத்துக்குவான்னு சொல்லிட்டாங்க." சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார். "அத அந்த மேசையில வெச்சுப் படிக்க எனக்கு மனசு வரல. ஆனா நம்ம ரிஜிஸ்டர்ல அது முடிஞ்ச மனு. புதுசா யாராவது வந்து கேட்டாத்தான் தொறக்க முடியும்."

கோபப்படக்கூட ஒரு வழி வைக்காத மனுஷன். என்ன பண்ணித் தொலைக்கிறது இந்த ஆள? பதிவேட்ட நான்தானே எடுத்துக் குடுத்தேன். தூசி தட்டிக் குடுத்தேனே!

மார்ச் 19, புதன்

மழை. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பலகை மேல் நடந்தாள். திரும்பிப் பார்த்து, போ போ என்று எனக்குக் கை காட்டினாள்.

மார்ச் 20, வியாழன்

நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரி போட்ட துணி போல அம்மாவின் கை சூடாக இருந்தது, என் தலையில். "போகுது விடு. அந்த லெட்டர இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள்.

அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கினேன். நாற்பத்து ஒன்று. மூன்று வருடமாக அந்த பெஞ்சுகளை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். இன்றுதான் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"என்ன லெட்டரம்மா, இந்தப் பக்கம்?" என்று வந்த ஓட்டுநர் என் கையில் டோக்கனைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் எண்ணைக் கூப்பிட்டது ரெட்டைப்பேனா. ஐயா நிமிர்ந்து பார்த்துவிட்டு மனுவுக்காகக் கையை நீட்டினார். பையில் இரண்டு பக்கம் எழுதித்தான் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, நின்றபடியே கேட்டேன்:

"ஐயா, எங்க தெரு முனையில கால்வாய் மேல ரெண்டு பலகை கிடக்கு. எங்க அம்மா தினம் அதுல நடந்துதான் வேலைக்குப் போறாங்க. அங்க ஒரு நடைபாலம் வேணுங்க. லெட்டர் வேணாங்கய்யா. பாலம் போட்டுக் குடுங்க."