உன் பாலில் குற்றமில்லை, தனம்

என் உயிரான தனம் அக்காவுக்கு,

உன் மாமியார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அவளை நான் அழவைத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் பரவிய அந்த வருஷம், நெல்லித்தோப்பு வீட்டில் உன் மகனுக்கு மூன்று மாதம். உனக்கு இருமல் வந்ததுமே அவனை உன் மடியிலிருந்து பிடுங்கினாள். "காய்ச்சக்காரி பாலு வெசம்டி" என்று உன்னைப் பின்கட்டு அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். டப்பாப் பாலைத் தண்ணீராகக் கரைத்துப் புட்டியில் கொடுத்தாள். அவளும் இருமிக்கொண்டேதான் கொடுத்தாள். பிள்ளைக்கு வயிறு போனது, பிறகு காய்ச்சல். பால் கட்டி, மார்பு கல்லாகி, நீ கதவைத் தட்டியது தெருவுக்கே கேட்டதாம். வைத்திக்குப்பத்தில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லையே, அக்கா.

அவன் போனான். அடுத்த வாரமே நீயும் போனாய். சாவு வீட்டில் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவ பாலுதான் எம்பேரனக் கொன்னுச்சு." அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழியோடுதான் உன்னை வழியனுப்பினோம்.

பிறகு நானும் நெல்லித்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டேன். என் மகள் பிறந்த சமயம் எனக்கும் காய்ச்சல். ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் பயந்து பயந்து கேட்டேன். "பாலுல காய்ச்சல் போவாதும்மா, இருமல்லதான் போவும். மூக்கு வாய மூடித் துணி கட்டிக்க. கையை சோப்பு போட்டுக் கழுவு. பால மட்டும் நிறுத்தாத, அதான் புள்ளைக்குத் தெம்பு" என்றார். அன்றைக்கு நான் ஏன் அப்படி அழுதேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

நீ போன பிறகு மச்சான் மறுபடி கட்டிக்கொண்டார். அவள் பெயர் கஸ்தூரி. தெருவில் திரும்பவும் காய்ச்சல் வந்தபோது, கைப்பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒடம்பு சுடுது. புள்ளயக் குடுன்னு அத்த சண்ட போடுறாங்க. அவங்களும் இருமறாங்க. நான் இன்னா பண்றது?"

உடனே அவளோடு போனேன். அவளுக்கு மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டி, பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்க வைத்தேன். கிழவியைப் பின்கட்டு அறைக்கு அனுப்பினேன். இருமுகிறவளை ஒதுக்கியது பிள்ளைக்காக. வெளியே தாழ்ப்பாள் போட்டது எனக்காக.

வேளைக்குக் கஞ்சியும் வெந்நீரும் கொடுத்தேன். நான் அவளில்லை. "எம்பேரன ஒரு தரம் காட்டுடி" என்று உள்ளேயிருந்து அழுதாள்.

"எங்கக்காவும் இப்பிடித்தான கேட்டா?" என்றேன்.

பிள்ளையைக் காய்ச்சல் அண்டவேயில்லை. கஸ்தூரி தேறினாள், கிழவியும் தேறினாள். உண்மையை ஊரறியச் சொன்னால்தான் பேரனைத் தொடலாம் என்று கஸ்தூரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நிற்கும் நேரம் பார்த்து அவளைக் கூட்டிப்போனேன். "தனம் பால்ல ஒண்ணுமில்ல. நாந்தான் புள்ளயப் புடுங்கனேன்" என்று தலை குனிந்து சொன்னாள்.

திரும்பி வரும்போது "மன்னிச்சிடுடி" என்றாள். "மாட்டேன்" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு இனித்தது! நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயோ?

திட்டினாலும் மாற மாட்டேன், அக்கா. இந்தத் தெருவில் பெற்றவளிடமிருந்து பிள்ளையை எவள் பிடுங்கினாலும் போய் நிற்பேன். உன் மாமியார் செய்ததைச் சொல்லியே தடுப்பேன். அவள் செத்த பிறகும் சொல்வேன்.

மூன்று மாதம் மட்டுமே சின்னம்மாவாக இருந்த உன் தங்கை,
காமாட்சி