அக்கா முதுகு கொடுத்த சுவர்

என் பிரியமுள்ள அக்கா,

நீ போயி வருஷம் ஒண்ணாச்சு. உங்கிட்ட ஒரு பொய் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு நம்ம பெரிய வீட்டை இடிக்கறாங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?

கிழக்கு ரூம்பு சுவரு ஞாபகம் இருக்கா? உனக்கா மறக்கும்! இன்னிக்குக் கத்தோலிக்கருங்க புனிதர்னு கும்பிடற அந்த வெள்ளைக்கார சாமியார், விரட்டினவங்களுக்குப் பயந்து நம்ம முப்பாட்டன் கிட்ட ஒரு வாரம் ஒளிஞ்சிருந்தாராம். சுவத்துல கரியால சிலுவை போட்டு ஜெபம் பண்ணாராம். நாம பட்டு நெய்யற இந்துக் குடும்பம். ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும்போது, சுண்ணாம்பு அடிக்கற மட்டை தவறிப் பட்டுடப் போகுதுன்னு வீட்டாள் ஒருத்தர் அந்தச் சிலுவைக்கு முதுகு குடுத்து உட்காரணும். அம்மாவுக்கு அப்புறம் நீதான். "யோவ், பாத்து அடிய்யா, நான் என்ன சுவரா?"ன்னு நீ போடற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

நீ வேலூர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, எதிர்வீட்டு போனுக்குச் சேத்துப்பட்டு சர்ச்சு ஃபாதர் பேசினார். சிலுவையைப் பாக்க வராங்களாம், நிஜம்னா வீட்டை வாங்கிக் காப்பாத்துவாங்களாம். பெரிய மனுஷங்க வராங்கன்னா நம்ம வீட்டுல முதல்ல என்ன செய்வோம்? நானும் ஜல்தியா ஆளைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொல்லிட்டு, உனக்குக் கஞ்சி எடுத்துகினு பஸ் ஏறிட்டேன். முதுகு குடுக்க ஆள் வேணும்னு தோணவே இல்லக்கா. அது உன் வேலைன்னே இருந்துட்டேன், பாவி.

ஆரணி திரும்பி வந்து பாத்தா, சுவரு முழுக்க வெள்ளை. நகத்தால சுரண்டினேன். கரி சுண்ணாம்போட கரைஞ்சு போச்சு.

மறுநாள் நீ கேட்ட, "சுவரு பத்திரமா இருக்குதாடா?"

"அப்படியே இருக்குதுக்கா."

நீ சிரிச்ச. அந்த வாரமே போயிட்ட. அந்தச் சிரிப்பை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?

உன் காரியம் முடிஞ்சதும் ஃபாதருங்க வர நாள் குறிச்சாங்க. பெரியப்பா பையன் நடராஜன் சொன்னான்: "கரிக்கட்டையை எடுத்து நீயே போட்டுடு. சின்ன வயசுலேருந்து பாத்த சிலுவைதானே? வீடாவது மிஞ்சும்." கரியைக் கையில எடுத்தேன். அளவெல்லாம் கண்ணுலயே இருந்துச்சு. சுவத்துகிட்ட போனா உன் குரல்தான் கேக்குது. உங்கிட்ட சொன்ன பொய்யே தொண்டையில நிக்குது, அவங்ககிட்ட வேற ஒண்ணா?

வந்தவங்க கிட்ட நடந்ததைச் சொன்னேன். வயசான ஃபாதர் கொஞ்ச நேரம் சுவத்தைத் தொட்டுகினு நின்னார். திட்டியிருந்தா கூட தேவலை. காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நடராஜன் பாகம் கேட்டான். வீடு கல்யாண மண்டபத்துக்காரர் கைக்குப் போச்சு.

அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிகினேன். கிழக்கு ரூம்பைக் கடைசியா இடிக்கணும். மத்ததெல்லாம் விழுந்து முடியற வரைக்கும் நான் அந்தச் சுவத்துக்கு முதுகு குடுத்து உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்க்கா, இந்தத் தடவை பஸ் ஏறிப் போயிட மாட்டேன்.

இப்படிக்கு,
நீ இல்லாத அன்னிக்கு அந்த இடத்துல உட்காராத உன் தம்பி