காருக்கு ஊற்றிய லாரி ஆயில்

வண்டன்மேடு
16 மார்ச் 1977

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நேற்று நான் அடித்த தந்தியைப் பார்த்ததும் நீ எதையெதையோ நினைத்துப் பதறியிருப்பாய். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. தந்தி உன் காரைப் பற்றியதுதான்.

நீ நர்ஸ் படிப்புக்குப் போன வருஷம் எஸ்டேட் ஷெட் வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய். டிரைவர்கள் ஒரே பீப்பாயிலிருந்து டீசல் லாரிக்கும் பெட்ரோல் ஜீப்புக்கும் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரெண்டுக்கும் ஒரே ஆயில்தானாப்பா என்றாய். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, கரும்பலகை முன்னால் நிற்கிறவனின் பழக்கம். ஒரே சட்டிக் கஞ்சியைத்தான் வீட்டில் பெரியவரும் குடிக்கிறார், பிள்ளையும் குடிக்கிறது, ஆயிலும் அப்படித்தான் என்று உதாரணம் வேறு சொன்னேன். அதை நீ ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோவாய் என்று யார் கண்டது.

முந்தாநாள் உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற டாக்டரிடம் அந்த வேகமான காரை வாங்கியது, கீழ்வீட்டு லாரி டிரைவர் ஒரு டின் லாரி ஆயிலைச் சும்மா கொடுத்தது, நான் அன்றைக்குச் சொன்னதை நினைத்துக்கொண்டே நீ அதை ஊற்றியது, பாஸ்கா பண்டிகை வாரத்தில் உன்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலை தாண்டி ரோமாபுரிக்குப் போகப் போவது எல்லாம் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் வந்த சூசையப்பனை நிறுத்தி வாசித்துக் காட்டினேன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன், இப்போது எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் அவன்தான் மெக்கானிக். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டான். சாரு, பாப்பா என்னத்த ஊத்துச்சாம், அந்த எடத்தத் திரும்ப வாசிங்க என்றான். வாசித்தேன். நம்ம ஜீப்பு நத்த மாதிரி ஏறுற வண்டி, எத ஊத்துனாலும் இருமிக்கிட்டே கெடக்கும், பாப்பா காரு பறக்குற வண்டியாச்சே என்றான். நான் உன்னிடம் சொன்ன கஞ்சி உதாரணத்தையும் ஒப்புக்கொண்டேன். அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல சாரு, எங்கள மட்டும் தெரியாததுக்கெல்லாம் பெஞ்சு மேல ஏத்துனீக என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். டீசல் என்ஜின் கரியை அதிகம் கக்கும், அந்தக் கரியைக் கழுவித் தாங்கிக்கொள்ள அந்த ஆயிலில் மருந்து அதிகமாம். டாக்டர் உன் காரை வருஷக்கணக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மெதுவாகவே ஓட்டியிருக்கிறார், அதனால் உள்ளே சேறு படிந்திருக்கும். புது ஆயில் அதை மொத்தமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து, ஆயிலை மேலே உறிஞ்சும் குழாயின் சல்லடையில் அடைத்துவிடலாம். கோடை முடிந்து முதல் மழைக்கு நம் ஓடையில் வருமே இலைச்சருகு, அது குழாய் வாயில் அடைத்துக்கொண்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் வீட்டில் சொட்டு வராது, அது போலத்தான். அதோடு அது கெட்டியான ஆயில். டிசம்பர் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கித்தானே அம்மா உனக்குத் தலைவாரி விடுவாள்? உங்கள் ஊர்க் குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏறுவதற்குள் என்ஜின் காய்ந்து சுற்றும். மெதுவாகப் போனால் வெறும் தேய்மானம், அந்த வேகத்தில் என்ஜின் இறுகி வண்டி அப்படியே பிடித்துக்கொண்டால் உள்ளே இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். எல்லா வண்டிக்கும் இப்படி ஆகும் என்று இல்லையாம், இரண்டுக்கும் பொருந்துகிற ஆயிலும் உண்டாம், டின்னில் பெட்ரோலுக்கு எஸ் என்றும் டீசலுக்கு சி என்றும் எழுத்து போட்டிருக்குமாம். உன் டின்னில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டில் வேகம் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள். அதனால்தான் காரை எடுக்காதே என்று தந்தி. தபாலாபீசில் மலையாளி கிளார்க் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆரா மாஷே மரிச்சது என்று எழுந்தே நின்றுவிட்டார். யாரும் சாகவில்லை, ஆயில் என்றேன். ஆயிலினோ கம்பி என்றார், அவர்கள் பாஷையில் கம்பி என்றால் தந்தி. கட்டப்பனைப் பக்கம் லைன் சரியில்லையாம். போயிற்றா என்று இன்று இரண்டு தடவை போய்க் கேட்டேன், போயிருக்கும் மாஷே என்கிறார். போயிருக்கும் என்பது ஒரு பதிலா? அம்மா முழங்கால் வலியோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறாள். நடுவில் நிறுத்தி, கார் ஓட்டுற பிள்ளைய நெனச்சு எனக்குப் பயமில்ல, அதுக்குப் பாடம் சொன்ன ஆள நெனச்சாத்தான் பயம் என்கிறாள். ஏலக்காய்ச் செடிக்கு இன்னும் மழை இல்லை, செம்மறி ஆடு இரண்டு குட்டி போட்டது, இதையெல்லாம் விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை.

பிலோமி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. ரோமாபுரிக்கு ரயிலில் போனாலும் பாஸ்கா பாஸ்காதான். தவக்காலம் என்று பட்டினி கிடந்து டியூட்டிக்குப் போகாதே. கூட வரும் பெண்களுக்கும் எங்கள் ஆசீர். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இது கிடைத்ததும் இரண்டு வரி எழுது.

உன் அப்பா,
சுவக்கீன்

பி.கு. சாவியைப் போடாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லி, ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார். துணியில் சேறோ மணலோ நின்றால், என்ஜின் அடித்தட்டைக் கழற்றி அந்தச் சல்லடையைக் கழுவும் வரை வண்டியை எடுக்காதே.