உடுப்பும் சப்பாத்தும்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

கனடாவில் இருக்கும் அன்பு மருமகள் சுபோதினிக்கு, உம்முடைய பெரிய மாமா தில்லைநாதன் சொல்லி எழுதுவிப்பது.

நாங்கள் இங்கே இருக்கிறோம். நீரும் உமாசுதனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். மேல்வீட்டு ஐறீன் ரீச்சர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறா. எத்தனை தரம் அழைத்தும் உங்கள் வீட்டில் போன் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். உம்முடைய மாமனார், என் தம்பி வரதராசாவுக்கு இது தெரியாது.

முதலில் அவனுடைய வருத்தத்தைச் சொல்கிறேன். இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, வெட்டிச் செய்யத்தான் வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளில் யார் வந்து பக்கத்தில் நிற்பது என்று டொக்டர் கேட்டார். ஒருவரும் இல்லை என்று சொல்லி, கழற்றின சேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு எழும்பி வந்துவிட்டான். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நீர் கடைசியாகப் போனில் கேட்டதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவனுக்கு ஒரு காது மந்தம், ஸ்பீக்கரில்தான் போடுவான். உமாசுதனின் பழைய படங்களுக்குள் அவன் தகப்பன் ஷெல் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிற படத்தைக் கண்டதாகச் சொன்னீர். "மாமா, நீங்கள் உடுப்புக் கணக்கு மட்டும்தானே பார்த்தனீங்கள்?" என்று கேட்டீர். ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லைப் பிள்ளை, ஷெல்லும் நான்தான் பார்த்தனான்" என்றான். நீர் வைத்துவிட்டீர். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தபோதும் அவன் போனைக் கையில் வைத்தபடியே இருந்தான்.

அந்த உடுப்புக் கதை, காலஞ்சென்ற உம்முடைய மாமி இரத்தினம்மா கலியாணம் பேசும்போது சொன்னது. முழுப் பொய்யும் இல்லை. சப்பாத்து, உடுப்பு, கூடாரம் எல்லாம் அரசாங்க ஆமியில் தம்பி நின்ற பிரிவுதான் கொடுப்பது. ஆமியில் சேர்ந்த புதிதில் தம்பி அதைத்தான் பார்த்தான். பிறகு இந்தியாவுக்கு அனுப்பி வெடிமருந்துப் படிப்புப் படிப்பித்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் நான் சமையல் வேலை செய்த கடையை எரித்தார்கள். இந்த வேலை உனக்கு வேண்டாமடா என்று அவனுக்குச் சொன்னேன். விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது அண்ணை என்று கேட்டான். அவன் அங்கேயே நின்று கப்டன், மேஜர், கேணல் என்று ஏறினான்.

வேலை இதுதான். பீரங்கி ஷெல் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் பழுதாகிவிடும். வந்த பெட்டிகளில் ஒன்றிரண்டைத் திறந்து பார்த்து, நல்லது, பழுது என்று இவன் சொல்ல வேண்டும். பழுதைத் தூரத்தில் பள்ளம் வெட்டி அழிப்பார்கள். நல்லது லொறியில் ஏறும். தனக்குக் கீழே நின்ற பெடியன்களில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்லுவான். வீட்டிலும் முட்டையைத் தனிக் கோப்பையில் உடைத்து, மணந்து பார்த்த பிறகுதான் சட்டியில் ஊற்றுவான். மீன்கார ரிஸ்கான் இவனைக் கண்டால், "கேணல் சேர் வாறார், எல்லாரும் நேரா நில்லுங்கோ" என்று மீன்களுக்குச் சொல்லுவான். போன கிழமை புளித்துப்போன பாலைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தான். வாயில் வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

இரண்டாயிரத்து ஒன்பதில், உம்முடைய அம்மாவும் தம்பியும் ஷெல் விழுந்து இறந்துபோன அந்த மாதங்களில், அவன் வீட்டுக்கு வருவது குறைவு. தோய்த்த உடுப்பை முகாம் வாசலில் கொடுத்துவிட்டு வருவேன். லொறிகள் வரிசையாக நிற்கும். எங்கே போகின்றன என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். இங்கே நாங்கள் றேடியோவை மெல்லமாக வைத்துக் கேட்டோம். பிறகு சமைத்தோம், சாப்பிட்டோம், படுத்தோம்.

அவன் நல்லது என்று சொன்னதுதான் உங்கள் பதுங்குகுழியில் விழுந்ததோ, வேறு யாரோ பார்த்து அனுப்பினதோ, ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தன்னுடையது இல்லை என்று சொல்ல அவனால் முடியாது. இந்த இடத்தில் ஐறீன் ரீச்சர் பேனையை வைத்துவிட்டு, இதையும் எழுதத்தான் வேணுமோ என்று கேட்டா. எழுதச் சொன்னேன்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உமாவை மட்டும் அனுப்பும். மகன் வந்து பக்கத்தில் நின்றால் ஆஸ்பத்திரிக்குச் சம்மதிப்பான் என்று நினைக்கிறேன். நீர் வரவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். உம்மைக் கேட்காமல் உமா வரமாட்டான். அதுவும் சரிதான்.

நேற்றுப் பின்னேரம் யன்னலடியில் இருந்தவன், சுபோதினியின் தம்பிக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்டான். உம்முடைய அம்மாவின் பெயர் கலியாணக் கார்ட்டில் இருந்தது, வாசித்துச் சொன்னார்கள், நினைவிருக்கிறது. ஒருதரம் கேட்ட பெயரை நான் மறப்பதில்லை. கனநேரம் யோசித்தேன். இது நான் ஒருநாளும் கேட்காத பெயர். எங்கள் வீட்டில் ஒருவரும் உம்மிடம் அதைக் கேட்கவில்லை.

உமாவை அனுப்ப மனம் வராவிட்டாலும் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பும். ரீச்சர் எனக்கு வாசித்துச் சொல்லுவா. நான் போய் அவனுக்குச் சொல்கிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். குழந்தையைக் கவனமாகப் பாரும். நீங்கள் மூன்று பேரும் கனகாலம் நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய பெரிய மாமா
தில்லைநாதன்